வால்ட் வாசலில் ஜப்பான் வண்டி

1

போன வாரம் அரசாங்கத்திடமிருந்து ஒரு சின்ன ஸ்டிக்கர் தபாலில் வந்தது. காரின் நம்பர் பிளேட் மூலையில் ஒட்ட வேண்டியது. என் மனைவி செல்வியின் வண்டிக்கு ஒரு வயது முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எங்கள் கல்யாண நாளை நான் மறந்துவிட்டு, அதற்காக ஒரு வாரம் ரசஞ்சோறு மட்டுமே சாப்பிட்டிருக்கிறேன். இந்த ஊர் அரசாங்கமோ ஒரு காரின் பிறந்தநாளை மறக்காமல் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஸ்டிக்கரை ஒட்டப் போன செல்வி, கையோடு கற்பூரத்தையும் எடுத்துப் போனாள். கராஜுக்குள் நின்ற வண்டிக்கு மூன்று சுற்று காட்டி முடிப்பதற்குள் புகை மணி அலற ஆரம்பித்துவிட்டது. பதினைந்து வயது மகள் ஆர்த்தி மாடியிலிருந்து ஓடிவந்தாள். ஒரு விசிறியை ஆட்டி மணியை நிறுத்திவிட்டு, "காருக்கு பர்த்டேவா? நீங்க ரெண்டு பேரும் இம்பாஸிபிள்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாடிக்கே போய்விட்டாள். அவள் பேசும் தமிழ் வருடா வருடம் கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது. எங்களைத் திட்டுவதற்கு மட்டும் இன்னும் போதுமான அளவு மிச்சமிருக்கிறது.

இந்த வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த கதையை விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஸ்டிக்கர் வந்தது ஒரு சாக்கு.

2

நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில். கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் ஊர். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்து, அங்கேயே தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் சுடும் சூளையில் ஆரம்பித்த நான், எங்கெங்கோ சுற்றி, ஸ்பார்க் பிளக்குக்குள் இருக்கும் வெள்ளைப் பீங்கானைச் சுடும் கம்பெனியில் வந்து நின்றிருக்கிறேன். எங்கே போனாலும் மண்ணும் நெருப்பும் என்னை விடவில்லை.

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு. உள்நாட்டு வண்டிகள் மட்டும் இந்தப் பக்கம் நிறுத்தலாம். ஜப்பான் வண்டி, கொரியா வண்டி வைத்திருப்பவர்கள் கடைசி வேலியோரம் நிறுத்திவிட்டுப் பனியில் நடந்து வர வேண்டும். அப்படி நடந்து வருபவர் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரே ஒரு அம்மாள்தான். சாப்பாட்டு அறையிலும் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இது விளங்கவே ரொம்ப நாளாயிற்று. நான் சின்னப் பையனாக இருந்தபோது 'ஃபாரின்' என்பதைவிட உயர்ந்த பாராட்டு எங்கள் ஊரில் கிடையாது. குவைத்திலிருந்து எங்கள் தெருக் காதர் வீட்டுக்கு ஃபாரின் சோப்பு வந்தால் அதைக் குளிக்க எடுக்க மாட்டார்கள், பீரோவில் துணிக்கு நடுவே வைப்பார்கள். இங்கே அதே வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள், எங்கள் பக்கத்து வீட்டு வால்ட். கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வண்டி உள்ளே வர ஒரே பொதுப் பாதைதான். பத்திரத்தில் பாதி எங்களுடையது. ஆனால் அதில் விழும் பனியை முழுவதும் வாருகிறவர் அவர்தான். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நான் பூரி மாவு தேய்ப்பது மாதிரி பனியைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு திருப்பித் தரவே இல்லை.

செல்விக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். முதலில் நான்தான் ஆரம்பித்தேன். ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் நான் போட்ட சத்தத்தில், அவள் வண்டியை நிறுத்தி, இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். மறுநாள் வால்ட் தன் வண்டிச் சாவியை அவள் கையில் கொடுத்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கத்துவதே இல்லை. 'கண்ணாடிய முதல்ல பாரு' என்று மட்டும் சொல்வார். (வால்ட் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். என் காதில் அது நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

லைசென்ஸ் அலுவலகத்தில் மட்டும் ஒரு தகராறு. செல்விக்குக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். இனிஷியல்தான் உண்டு, விரித்தால் அப்பா பெயர் என்றோம். அதையே போட்டுவிட்டார்கள். இப்போது எங்கே போனாலும் அவள் மிஸஸ் காசிநாதன். அப்படி யாராவது கூப்பிடும்போதெல்லாம் மாமியார் வந்துவிட்டாரோ என்று நான் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

3

பிரச்சினை செல்விக்கு வேலை கிடைத்ததில் ஆரம்பித்தது. அவள் அண்ணன் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் அங்கே பொம்மைகளுக்குக் கண் எழுதியது செல்விதான். அந்தக் கையை நம்பி, பக்கத்து நகரத்தில் பல் செய்யும் லேப் ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. பீங்கான் பல்லுக்கு, மற்றப் பற்களோடு ஒட்டிப்போகிற மாதிரி மஞ்சள், சாம்பல் எல்லாம் தீற்ற வேண்டும். போக பஸ் கிடையாது. ஊரில் சேத்தியாத்தோப்புக்கு ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும். இங்கே முதல் பஸ்ஸே கிடையாது. ஆக, அவளுக்கென்று ஒரு கார் வேண்டும்.

"நம்ம வண்டிதான் வாங்கணும்" என்றார் வால்ட். யோசனையாகச் சொல்லவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வது மாதிரி சொன்னார்.

அவருக்கு மைக் என்று ஒரே மகன். இதே ஊரின் மறு கோடியில் வீடு. அவன் ஒரு ஜப்பான் வண்டி வாங்கினான். அன்றிலிருந்து விருந்து நாளில் அப்பா வீட்டுக்கு வந்தால் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் உள்ளே வருவான். பொதுப் பாதையில் அந்த வண்டி ஏறக் கூடாது. வால்ட்டும் மகன் வீட்டுக்குப் போவதில்லை, அந்த வாசலில் அந்த வண்டி நிற்கிறதாம். பெற்ற மகனுக்கே இப்படி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன ஆவோம்? இந்த ஊரில் எங்களுக்கு உறவு என்று சொல்ல இருந்தது வால்ட்டும் அவர் மனைவி டாரதியும்தான்.

சனிக்கிழமை வால்ட்டே எங்களைத் தன் கம்பெனி ஷோரூமுக்கு அழைத்துப் போனார். புது சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகும் வீட்டுப் பெரியவர் மாதிரி முன்னால் நடந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கத் தெரியாது. பீங்கான் சாமான் நன்றாக வெந்திருந்தால் தட்டும்போது 'கிண்' என்று பேசும். விரிசல் இருந்தாலோ வேக்காடு பத்தவில்லை என்றாலோ 'தொப்' என்னும். பட்டறையில் பெண்கள் இப்படித் தட்டித்தான் நல்லதையும் கழிவையும் பிரிப்பார்கள். செல்வி இந்த வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தபோது சுவரைத் தட்டினாள். டாரதி புதுப் பல்செட் கட்டிவந்தபோது நல்லவேளையாக நான் பக்கத்தில் இருந்தேன்.

ஷோரூமில் பளபளவென்று நின்ற வண்டியின் முன்பக்கம் போய், செல்வி விரலை மடக்கித் தட்டினாள். தொப். இன்னும் ஓரிடத்தில் தட்டினாள். தொப்.

"என்னாங்க, இது வேகலீங்க" என்றாள்.

விற்பனைக்காரர் அம்மா என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். சூளைக்காரனான நான் யோசிக்காமல், சரியாக பேக் ஆகவில்லை என்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்ச நேரம் வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூட்டிவரப் போனார். ஆர்த்தி அங்கிருந்த ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எங்களைத் தெரியாதவள் மாதிரி போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வால்ட் மட்டும் சிரிக்கவில்லை. "பம்பரு பிளாஸ்டிக்கு கண்ணு. அது அப்படித்தான் கேக்கும். கதவத் தட்டு" என்றார். பிறகு, "தட்டவே வேணாம், இரு" என்று முன் கதவைத் திறந்து, காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, விட்டார்.

கதவு மூடியது. எனக்கு அது ஒரு கதவு மூடிய சத்தம்தான். செல்வி வால்ட்டின் முகத்தைப் பார்த்தாள். வால்ட் செல்வியைப் பார்க்கவில்லை. மறுபடி திறந்து மூடினார். எங்கோ உள்ளே ஒரு தகரம் லேசாகச் சிலிர்த்து அடங்கியது இந்தத் தடவை எனக்கே கேட்டது.

"குளுரு. ரப்பரு இறுகிப் போயிருக்கும்" என்றார்.

உள்ளே இருந்த வெக்கையில் நான் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

அடுத்த வண்டி. அதற்கும் அப்படியே. அதற்குப் பிறகு வால்ட் கதவைத் தொடவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டை நான் படிக்கப் போனேன். வண்டி எந்த நாட்டில் பாகம் சேர்த்துப் பூட்டப்பட்டது, இன்ஜின் எந்த நாட்டிலிருந்து வந்தது எல்லாம் அதில் போட்டிருக்கும். பூட்டியது கனடா, இன்ஜின் மெக்சிகோ என்பது வரை படித்தேன். மீதியை வால்ட் தன் அகலமான முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். எதேச்சையாக நிற்பது மாதிரிதான் நின்றார்.

4

திங்கட்கிழமை சாயந்தரம் நாங்கள் மட்டும் ஜப்பான் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். ஊரில் வீட்டுக்குத் தெரியாமல் மேட்னி ஷோ போவது மாதிரி, இரண்டு தெரு சுற்றிப் போனோம். அங்கே செல்வி ஒரு வெள்ளை வண்டியின் கதவைத் தட்டினாள். திறந்து மூடினாள். ஒரு சிலிர்ப்பும் இல்லை. ஒட்டியிருந்த சீட்டில் பூட்டிய இடம் ஒஹையோ என்று போட்டிருந்தது. பக்கத்து மாநிலம்தான், எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம்.

"இதாங்க" என்றாள் செல்வி.

"வேணாம் செல்வி. வால்ட் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"காலங்காத்தால இருட்டுல, பனியில ஓட்டிக்கினு போப்போறது நானு. நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா வால்ட்டா வந்து தள்ளுவாரு?" என்று கேட்டவள், கதவை இன்னொரு தடவை மூடிப் பார்த்துவிட்டு அவளே, "வந்து தள்ளுவாருதான்" என்றாள். அதைச் சொன்ன பிறகு அவள் முகம் வாடிப்போயிற்று.

அன்று இரவு போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினோம். உள்நாட்டு வண்டியா, ஃபாரின் வண்டியா என்று விஷயத்தை, பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்: "ரெண்டுமே ஃபாரின்தான மாப்ள? இதுல என்ன கொழப்பம்?"

வாங்கிவிட்டோம். சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன் என்று செல்வி ஒரு தட்டில் முறுக்கை எடுத்துக்கொண்டு வால்ட் வீட்டுக்குப் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாளாம். அவர் முறுக்கை வாங்கிக்கொண்டு, "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாராம்.

நம் ஊரில் பலகாரம் வந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. செல்வியைப் பார்த்து டாரதியும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தட்டு எப்போது திரும்பினாலும் அதில் பிஸ்கட்டோ, ஆப்பிளோ இருக்கும். இந்தத் தடவை தட்டு கழுவித் துடைத்து, வெறுமையாக எங்கள் வாசல் படியில் வைக்கப்பட்டிருந்தது. செல்வி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

வண்டியை மைக் மாதிரி தெருவிலேயே நிறுத்தினோம். பாதி பாதை நம்முடையதுதானே என்று ஆர்த்தி சட்டம் பேசினாள். "சும்மா இருடி" என்றாள் அவள் அம்மா. வால்ட் எங்களைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பனி பெய்தால் மட்டும் வழக்கம் போலப் பாதை முழுவதும் வாரினார். எங்கள் பக்கத்தை விட்டுவிட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

செல்வி மறுபடி அண்ணனுக்குப் போன் போட்டாள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரி குறையை எழுதிக் கொடுத்தால் முருகன் விசாரிப்பார். வால்ட் பேச வேண்டும் என்று ஒரு பிராது கட்டச் சொன்னாள். மச்சான் மறுநாள் கோயிலிலிருந்தே கூப்பிட்டார்.

"யம்மா, எதிரி பேரு என்னான்னு போடறது?"

"எதிரில்லாம் இல்லண்ணே. அவரு பெரியவரு. நல்ல மனுசரு."

"எதிரி இல்லாம என்னாத்த விசாரிக்கும் சாமி? யாரு மேலயாவது எழுதணும்ல?"

"நீயே பாத்து எழுதுண்ணே."

அவரும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அப்புறம் சாவகாசமாக என்னிடம் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. வேற யாரு பேரும் தெரியல. உங்க பேரையே போட்டுட்டேன்."

5

வேலைக்குச் சேரும் முதல் நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, விடிவதற்கு முன்பே கொட்டு கொட்டென்று பனி. எனக்குச் சூளையில் காலை ஷிப்ட், முன்பே கிளம்பிவிட்டேன். மீதி நடந்ததை செல்வி சொல்லித்தான் தெரியும்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் தெருவுக்குப் போனபோது, வண்டிக்குப் பக்கத்தில் வால்ட் நின்றிருக்கிறார். வண்டி மேல் இருந்த பனியெல்லாம் வாரப்பட்டிருந்தது. அவர் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டார். காலை மடக்க முடியாமல் முழங்கால் இரண்டும் முன்னால் இடித்துக்கொண்டிருந்ததாம்.

"கண்ணாடிய முதல்ல பாரு" என்றார்.

வழி முழுவதும் பழைய பாடம்தான். பாலத்து மேல பிரேக்க மிதிக்காத. லாரி பின்னாடி ஒட்டாத. வண்டியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் இல்லை. லேப் வாசலில் இறங்கிய பிறகுதான், அவர் எப்படித் திரும்பிப் போவார் என்று செல்விக்கு உறைத்தது. கைப்பையிலிருந்த மாற்றுச் சாவியை நீட்டினாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம்.

"சாயந்தரம் எத்தன மணிக்கு?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் எங்கள் கம்பெனி சாப்பாட்டு அறையில் ஒரே சலசலப்பு. எதிர் மேஜைக்காரர் என்னிடம் குனிந்து, "உங்க பக்கத்து வீட்டு வால்ட்ட ஒரு ஜப்பான் வண்டியில பார்த்தேன்" என்றார். சாராயக் கடையிலிருந்து தலைமை ஆசிரியர் வெளியே வந்ததைப் பார்த்தவர் மாதிரி சொன்னார். "அவரே ஓட்டுறாரு. தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கினு." நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தயிர்சாதத்தைக் கிளறினேன். வேலியோரத்து அம்மாள் மட்டும் தன் மேஜையிலிருந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அன்று ஓவர்டைம் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது செல்வியின் வண்டி தெருவில் இல்லை. பொதுப் பாதையில், உள்ளே, சுத்தமாக வாரிய இடத்தில் நின்றிருந்தது. சாயந்தரம் அவளை அழைத்து வந்த வால்ட்டேதான் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

"தெருவுல நின்னா பனி தள்ற லாரிக்காரன் இடிச்சிட்டுப் போயிடுவான்" என்றார் என்னிடம், நான் கேட்காமலே. மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. பனிக் காலம் தொடங்கிய நாளிலிருந்து லாரிக்காரன் தினமும்தான் வருகிறான். நானும் ஆமாம் ஆமாம், மோசமான ஆள் என்று லாரிக்காரனைச் சேர்ந்து திட்டினேன்.

மாற்றுச் சாவி அவரிடமே இருந்துவிட்டது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

6

அதற்காக வால்ட் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியை இன்றைக்கும் அவர் 'அது' என்றுதான் சொல்வார். டாரதி செல்வியோடு அதில் ஏறி சர்ச்சுக்குப் போனால், அவர் தன் வண்டியில் தனியாகப் பின்னால் போவார். நடுவில் இரண்டு பேருக்கும் ஒரு சிக்னல் வித்தியாசம்.

குளிர் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் என் பழைய வண்டியில் கோயிலுக்குப் போய்விட்டு, சாயந்தரம்தான் திரும்பினோம். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய செல்வி, வண்டிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"என்னாங்க, இங்க வாங்க. எனக்குக் காலு எட்டல."

போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உயரத்துக்கு எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. நான் பக்கத்தில் நின்ற வால்ட்டின் வண்டியைப் பார்த்தேன். அதன் கூரையில் சனிக்கிழமை விழுந்த பனி கலையாமல் அப்படியே இருந்தது. அது எங்கேயும் போகவில்லை.

செல்வி பின் சீட்டைக் காட்டினாள். ரோஸ் நிறத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கையுறை கிடந்தது.

"பேத்தியோடதுங்க" என்றாள்.

மகன் வீட்டு வாசலில் ஒரு ஜப்பான் வண்டி நிற்கிறது என்று இத்தனை நாள் போகாதவர், இன்னொரு ஜப்பான் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் நிறுத்தி, பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"எடுத்துக்கினு போயி வால்ட்டுக்கிட்ட குடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்க. அங்கயே இருக்கட்டும். மறுபடியும் ஏறும்ல, அப்ப எடுத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே செல்வி சீட்டை முன்னால் இழுத்தாள்.